இருபத்தேழாம் எண் காரின் சிறந்த சுற்று

அக்கா அதைச் சொல்லாமல் இருந்தது இருபத்தைந்து மணி நேரம், நாற்பது நிமிடம். சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபது முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து வரை. அந்த வாரக் கடைசியில் நேரம் குறிப்பது என் வேலையாக இருந்ததால் இதையும் குறித்தேன்.

வேலையைக் கொடுத்தவர் மாமா, அக்காவின் கணவர். "உனக்குப் பேச வராது, எழுத வரும்" என்று சொல்லி ஒரு ஸ்டாப்வாட்சையும் ஒரு நோட்டையும் கொடுத்தார். நான் இயற்பியல் படித்தவள் என்பதால் என்னை விஞ்ஞானி என்றுதான் கூப்பிடுவார். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று அளக்க என்னிடம் கருவி இல்லை.

மாமா லிஃப்ட் ஆய்வாளர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டில் ஏறி இறங்கி, கயிற்றைப் பார்த்து, கதவைப் பார்த்து, இது பத்திரமானது என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் போகும் எதையும் அவருடைய அலுவலகத்தில் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் நாற்பத்தைந்து வயதில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டு சீட், கரும்பச்சை நிறம். இப்போது மாமாவுக்கு நாற்பத்தெட்டு, காருக்கு முப்பத்துநான்கு. என்னைவிட அது பதினொரு வயது மூத்தது. அதற்கு மகாராணி என்று பேர் வைத்தார்.

மகாராணியின் ஆர்பிஎம் மீட்டர் வந்த நாளிலிருந்தே வேலை செய்யவில்லை. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்ட வேண்டிய முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. மாமா ஒவ்வொரு முறை ஏறி உட்காரும்போதும் அதை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு குத்துமதிப்பாகக் கியர் மாற்றுவார்.

அக்காவின் வேலை காது. காது சரியாகக் கேட்காதவர்களைப் பரிசோதித்து, அவர்களுக்கு ஏற்ற கருவியைப் பொருத்திக் கொடுப்பாள். அதற்குச் சத்தமே இல்லாத ஓர் அறை வேண்டும். வீட்டில் அவளுக்குக் கிடைத்தது முன்னறை. அதை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் கார் ஷெட். ஷெட்டில் மகாராணி. ஒரு தடவை ஒரு பெரியவரை உட்காரவைத்துக் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, "பீப் சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்து மாமா ஷெட்டில் எஞ்சினை உறுமவிட்டார். பெரியவர் இரண்டு கையையும் தூக்கினார்.

சத்தத்தை உறிஞ்சும் பலகைகளை அக்கா எட்டு மாதத்துக்கு முன்பே வாங்கிவிட்டாள். அவை படுக்கையறைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. ஷெட் காலியானால் அதில் அவற்றைப் பதித்து, தனிக் கதவு வைத்து, பேர்ப்பலகை மாட்டுவதாகத் திட்டம். காதைக் காட்ட வருகிறவர்கள் வீட்டுக்குள்ளே, படுக்கையறைக்குப் போகும் வழியில் செருப்பு விட வேண்டியிருக்காது. பேர்ப்பலகைக்கான எழுத்தைக்கூடத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

ஷெட் காலியாவதற்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. மாமாவே எழுதியது. லிஃப்ட் சான்றிதழ்ப் படிவத்தின் பின்பக்கத்தில், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பழக்கதோஷத்தில் அலுவலக முத்திரையும் குத்தி, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார். 'இந்த ஞாயிறு மாலைக்குள் நான் ஒரு சுற்றையேனும் இரண்டு நிமிடம் பத்து நொடிக்குள் ஓட்டி முடிக்காவிட்டால் காரை விற்றுவிடுகிறேன். ஷெட் அவளுக்கு.'

மூன்று வருடமாக அவர் இரண்டு பதினான்குக்குக் கீழே இறங்கியதில்லை.

"இந்தத் தடவை வந்துரும்" என்றார் மாமா, வெள்ளிக்கிழமை சாமான்களை ஏற்றும்போது.

"வரட்டும்" என்றாள் அக்கா. அவள் பேர்ப்பலகைக்காரரிடம் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள்.

பந்தயப் பாதை நான்கு கிலோமீட்டர், ஒன்பது வளைவு. அங்கே வருகிறவர்கள் யாரும் தொழில்முறை ஓட்டுநர்கள் இல்லை. பல் டாக்டர், வக்கீல், டைல்ஸ் கடைக்காரர், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. திங்கட்கிழமை காலையில் எல்லாரும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். சனிக்கிழமை காலையில் ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்ப்பார்கள். வானத்தில் ஒன்றும் இருக்காது.

கார்களை வேகத்தை வைத்து மூன்று பிரிவாகப் பிரித்திருந்தார்கள். மாமா கடைசியான சி பிரிவு. அதில் பதினெட்டுக் கார்கள். மாமா பதினேழாவது. பதினெட்டாவது கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

காலைப் பயிற்சியில் அவருடைய சிறந்த நேரம் இரண்டு பதினாறு புள்ளி இரண்டு. பன்னிரண்டு நாற்பதுக்கு நடந்த இரண்டாவது பயிற்சியில் இரண்டு பதினான்கு புள்ளி எட்டு. அதே பயிற்சியின் கடைசிச் சுற்றில் இரண்டு இருபத்தொன்று. அந்தச் சுற்றை முடித்து உள்ளே வந்து, காரைவிட்டு இறங்கி, நான்கு அடி நடந்து, டயர் அடுக்கின் மேல் வாந்தி எடுத்தார்.

வெயில் ஒரு காரணம். நெருப்புப் பிடிக்காத அந்தப் பந்தய அங்கி இன்னொரு காரணம். மூன்று வருடத்துக்கு முந்தைய மாமாவுக்குத் தைத்தது அது. கழுத்திலிருந்து ஜிப்பைக் கீழே இழுத்தபோது அவருக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அது மாமா விட்டதா அங்கி விட்டதா என்று தெரியவில்லை.

முதலுதவி அறையில் இருந்த டாக்டர் அவரைப் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, நான்கு மணிவரை எழுந்திருக்கக் கூடாது என்றார்.

"பிரேக் பேடு மாத்தணும்" என்றார் மாமா கண்ணைத் திறக்காமல். "அண்ணனை ஓட்டிப் பாத்துக்கச் சொல்லு."

அண்ணன் என்பது மெக்கானிக். எங்களோடு வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் காரைப் பற்றி மட்டும்தான். நான் போனபோது புது பிரேக் பேடுகளை மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா உங்களை ஓட்டிப் பாக்கச் சொன்னாரு அண்ணா."

"ஓட்டித்தாம்மா ஆகணும். புது பேடு. அஞ்சாறு சுத்து ஓட்டி, சூடாக்கி, ஆறவெச்சாதான் பிடிக்கும். இல்லேன்னா நாளைக்கு முதல் வளைவுலயே வண்டி நேரா போயிரும்."

சொல்லிவிட்டு ஏறப் பார்த்தார். வலது காலை வைத்தார். இடது காலை வைத்தார். இரண்டு காலுக்கும் இடம் இருந்தது. வயிற்றுக்கு இல்லை. சீட்டைப் பின்னால் தள்ளும் கம்பி துருப்பிடித்து மாமாவின் அளவிலேயே நின்றுவிட்டிருந்தது. அண்ணன் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் சிறிது நேரம் யோசித்துவிட்டு வந்த வழியே இறங்கினார்.

"எனக்கு லைசென்ஸ் இல்ல" என்றேன், யாரும் கேட்பதற்கு முன்பே.

அக்காவும் மாமாவும் ஒரே உயரம். கல்யாணப் படத்தில் மாமா குதி உயர்ந்த ஷூ போட்டிருக்கிறார்.

மடக்கு நாற்காலியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன பாக்கறீங்க?"

"மெதுவாதாங்க" என்றார் அண்ணன். "கடைக்குப் போயிட்டு வர மாதிரி."

மூன்று மணிக்குத் திறந்த பயிற்சி நேரம். எந்தப் பிரிவுக் காரும் ஓடலாம். ஓட்டுகிறவர் லைசென்ஸைக் காட்டி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். அக்கா போட்டாள். பதிவு மேசையில் இருந்த பெண் இரவலாக ஓர் அங்கி கொடுத்தாள். ஹெல்மெட் மாமாவுடையது. கண்ணாடியை இறக்கிவிட்டதும் உள்ளே யார் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஆர்பிஎம் மீட்டரை அவள் தட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் மூன்று சுற்றும் கடைக்குப் போகிற வேகம்தான். நான்காவதில் பிரேக்கை ஆறவிட்டாள். அப்புறம் உள்ளே வந்து நிறுத்தி, "பிடிக்குது. ஆனா முழுசா மிதிச்சுப் பாக்கல" என்றாள்.

"அப்போ இன்னும் ரெண்டு சுத்து கொஞ்சம் விரட்டிப் பாருங்க" என்றார் அண்ணன். "பாதையில ஆளும் கம்மிதான்."

அந்த இரண்டில் இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும். நேர்ப்பாதையில் அவள் வரும்போது நான் தலை நிமிர்ந்தேன். மகாராணியின் சத்தம் எனக்குப் பழக்கம். மூன்று வருடமாகக் கேட்கிறேன். மாமா ஓட்டினால் அது பாதி ஏறும், உடனே விழும், மறுபடி பாதி ஏறும், விழும். ஒரு வாக்கியத்தையும் முடிக்காத ஆள் பேசுகிற மாதிரி இருக்கும். இப்போது அது ஏறிக்கொண்டே போனது. இன்னும் ஏறியது. போதும் என்று என் வயிறு சொன்ன பிறகும் ஏறியது. பிறகு கச்சிதமாக ஓர் இடத்தில் மாறியது. பக்கத்து இடத்துப் பல் டாக்டரின் நீலக் கார் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அக்கா அதை உள்பக்கமாகத் தாண்டிப் போனாள்.

அண்ணன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "யம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவள் உள்ளே வந்து இறங்கியபோது மணி மூன்று இருபது. ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"அவர் மூணாவது கியரை ரொம்ப சீக்கிரம் விட்டுடறாருடீ. அது 'ஊ'ன்னு ஆரம்பிச்சு 'ஆ' போயி 'ஈ'ன்னு வரும். 'ஈ' வந்தப்பறம் மாத்தணும். இவரு 'ஆ'லயே மாத்திடறாரு. சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்து எத்தனை நாள் கேட்டிருக்கேன். சொன்னா, உனக்குப் பீப் சத்தம்தான் தெரியும்னுவாரு." ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு, "எவ்ளோ?" என்றாள்.

நான் ஸ்டாப்வாட்சைக் காட்டினேன். இரண்டு நிமிடம், எட்டு புள்ளி மூன்று நொடி.

அக்கா சிரித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். மாமாவின் சிறந்த சுற்றுக்கும் இதற்கும் சராசரி வேகத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். அந்த ஐந்து கிலோமீட்டரைத்தான் மாமா மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"அவர்கிட்ட நீங்க ரெண்டு பேரும் சொல்லிடாதீங்க" என்றாள். "நானே பக்குவமா சொல்றேன். மனுஷன் படுத்துக்கிடக்கறாரு."

அண்ணன் தலையாட்டினார். எனக்குத் தலையாட்டத் தேவை இருக்கவில்லை. நான் எதையும் யாரிடமும் சொல்வதில்லை என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

நான்கு பத்துக்கு மாமா எழுந்து வந்தார். அதற்குள் அன்றைய நேரப் பட்டியலைப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். காரின் எண், அன்று முழுவதிலும் அந்தக் கார் ஓடிய சிறந்த நேரம், இவை மட்டும்தான் அதில் இருக்கும். ஓட்டியவர் பேர் இருக்காது. ஒரு காரை ஒருவர்தான் ஓட்டுவார் என்பது அங்கே எல்லாருக்கும் இருந்த நம்பிக்கை.

மாமா வழக்கம்போலக் கடைசியிலிருந்து தேட ஆரம்பித்தார். விரல் மேலே மேலே போயிற்று. நடுவில் நின்றது. 27 — 2:08.3.

அவர் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாகிவிட்டது. பலகைமேல் விரலை வைத்தபடியே நின்றார். திரும்பியபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

"அந்தக் கடைசி லாப், கடைசிச் சுத்து" என்றார். "எனக்கு அப்பவே தெரியும். உலகமே மெதுவாயிடுச்சு எனக்கு. மரமெல்லாம் மிதந்துச்சு. சத்தமே கேக்கல. பெரிய ஓட்டுநருங்க சொல்வாங்களே, அந்த நிலை. அதுக்குள்ள போயிட்டேன்."

அதற்கு மயக்கம் என்று பேர். டாக்டர் ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தார்.

அக்கா வாயைத் திறந்தாள். "என்னங்க, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதே" என்று மாமா அவள் தோளைப் பிடித்தார். "எனக்குத் தெரியும். நீ மூணு வருஷம் பொறுத்துக்கிட்டது வீண் போகல." பிறகு அண்ணனைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கைகள் அண்ணனின் பாதிச் சுற்றளவுவரைதான் போயின. "பேடு எப்படி இருக்கு?"

"நல்லா பிடிக்குது சார்" என்றார் அண்ணன். அது உண்மை.

சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். தபால் அதிகாரி கை கொடுத்தார். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

மாலையில் விடுதியில் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா உப்பு, மிளகுக் குப்பிகளை வைத்து ஒன்பது வளைவுகளையும் மேசைமேல் போட்டுக் காட்டினார். நான் வெகுநேரம் தயங்கி, நோட்டைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"மாமா, மத்தியானம் அந்தக் கடைசி லாப் எனக்கு ரெண்டு இருபத்தொண்ணுன்னு இருக்கு." அக்காவுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. எண்ணை மட்டும்தான் சொன்னேன்.

மாமா நோட்டைப் பார்த்தார். என்னைப் பரிவோடு பார்த்தார். "பேட்டரியை மாத்து விஞ்ஞானி" என்றார்.

அறைக்கு வந்ததும் அக்காவிடம் கேட்டேன். "ஏன்க்கா சொல்லல?"

"எப்படிடீ சொல்றது. கண்ணுல தண்ணி நின்னுச்சு. பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. என்னைப் பாத்து ஒரு நாளும் அப்படி நின்னதில்ல." சீப்பிலிருந்து முடியை எடுத்துச் சுருட்டினாள். "இந்த ஒரு ராத்திரி சந்தோஷமா தூங்கட்டும். காலைல சொல்லிக்கலாம்."

"ஷெட்?"

"ஷெட் எங்க ஓடிடப் போகுது."

காலையில் அவள் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை. எட்டு மணிக்கே பந்தயச் சங்கச் செயலாளர் வந்து, இரண்டு எட்டு ஓட்டுகிறவர் சி பிரிவில் இருப்பது நியாயமில்லை என்று மாமாவை பி பிரிவுக்கு மாற்றிவிட்டுப் போனார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். எண் ஸ்டிக்கரை எச்சில் தொட்டுத் துடைத்தார்.

"இப்ப சொன்னா கை நடுங்கும் அவருக்கு" என்றாள் அக்கா. "அவ்ளோ வேகமான வண்டிகளுக்கு நடுவுல. பந்தயம் முடியட்டும்."

பத்து மணிவாக்கில் பல் டாக்டர் தேநீர்க் கோப்பையோடு எங்கள் இடத்துக்கு வந்தார். அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் டயர்களின் காற்றழுத்தத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"சார், நேத்து என்னைக் கவுத்துட்டீங்களே" என்றார் டாக்டர். "உள்பக்கமா இடம் விட்டேன்னு எனக்கே தெரியல. அதுக்குள்ள பறந்துட்டீங்க."

"எப்போ?" என்றார் மாமா.

"மூணு மணிக்கு மேல. திறந்த பயிற்சியில. நீங்கதானே? உங்க ஹெல்மெட்தானே அது?"

மூன்று மணிக்கு மேல் மாமா எங்கே இருந்தார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நெற்றியில் ஈரத்துணியோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் மெல்ல அண்ணனிடம் போயிற்று. அண்ணனின் வயிற்றுக்குப் போயிற்று. ஸ்டியரிங்குக்குப் போயிற்று. பிறகு அக்காவின் காலியான மடக்கு நாற்காலிக்குப் போயிற்று. அங்கே சிறிது நேரம் தங்கியது. நான் ஸ்டாப்வாட்சை அழுத்தவில்லை. நான்கு நொடி இருக்கும்.

"ஆமா" என்றார். "இடம் இருந்துச்சு. போயிட்டேன்."

"அபாரம் சார்."

"வயசானாலும் கண்ணு கூர்மையா இருக்கணும் டாக்டர். அவ்ளோதான்."

சனிக்கிழமை அவர் ஏமாந்தார். அது யாருக்கும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நடந்தது வேறு. அக்கா தண்ணீர்க் கேனோடு வந்ததும் நான் அவளைக் காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், டாக்டர் சொன்னதையும் மாமா சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ச்சியாகப் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"என் நாற்காலியைப் பாத்தாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்தாரு."

"பாத்துட்டு?"

"போயிட்டேன்னு சொன்னாரு."

அக்கா கேனைக் கீழே வைத்தாள். மூடியைத் திருகினாள். ஏற்கனவே இறுக்கமாக இருந்ததை இன்னும் இறுக்கினாள்.

"அவர் வாயாலயே சொல்ல நேரம் குடுக்கலாம்" என்றாள். "மூணு மணிக்குப் பந்தயம். அதுக்கப்பறம் வீட்டுக்குப் போற வழியில சொன்னாலும் சரி. ஆனா அவர்தான் சொல்லணும்."

பந்தயம் எட்டுச் சுற்று. பி பிரிவில் பதினான்கு கார்கள். முந்தைய நாள் நேரத்தை வைத்து மாமாவை ஆறாவதாக நிறுத்தினார்கள். கொடி அசைந்ததும் முதல் வளைவுக்குள் நான்கு பேர் அவரைத் தாண்டினார்கள். இரண்டாவது வளைவில் இரண்டு பேர். மீதி இரண்டு பேர் அவசரப்படவில்லை. நேர்ப்பாதை வரட்டும் என்று காத்திருந்து தாண்டினார்கள்.

அக்கா தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். "இரு... இரு... இன்னும் வரல..." என்று முணுமுணுத்தாள். சத்தம் பாதியில் விழுந்தது. "மாத்திட்டாரு" என்றாள். எட்டுச் சுற்றும் இப்படியே. சரியாகச் சொன்னால் ஏழு. முதலில் வந்த கார் எட்டை முடித்தபோது மாமா ஏழாவதில் இருந்தார். கொடி காட்டிவிட்டார்கள். அவருடைய சிறந்த சுற்று இரண்டு பதினைந்து புள்ளி ஒன்று.

இறங்கியதும் டயர் சூடாகவில்லை என்றார். எதிர்க்காற்று என்றார். முன்னால் போன கார் புகை விட்டது என்றார். எல்லாக் காரும் முன்னால்தான் போயின என்பதால் அதை மறுக்க முடியவில்லை.

"பரவாயில்ல" என்று அவரே அவரைத் தேற்றிக்கொண்டார். "நமக்கு வேண்டியது நேத்தே வந்துருச்சு." அக்காவைப் பார்க்காமல் சொன்னார். "ஃபிரிட்ஜ்ல ஒட்டினதைக் கிழிச்சுரலாம்."

"அப்படியா?" என்றாள் அக்கா.

"எழுதினது எழுதினபடி. ரெண்டு பத்துக்குள்ள வந்தாச்சு."

"நீங்க வந்தீங்க."

"ஆமா."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நானும் பார்த்தேன். மாமா குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்ததை மறுபடி கட்டினார்.

நான்கே முக்காலுக்குக் கோப்பை கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு தகரக் கூரைக்குக் கீழே நாற்பது ஐம்பது பேர் நின்றோம். ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று பேருக்குக் கொடுத்து முடித்த பிறகு, செயலாளர் மைக்கில் இன்னொரு பரிசு இருப்பதாகச் சொன்னார். இந்த வாரக் கடைசியில் தன்னுடைய நேரத்தை அதிகம் குறைத்தவருக்கு. எண் இருபத்தேழு.

மாமா போனார். கோப்பை மிகச் சிறியது. தேநீர் ஊற்றினால் இரண்டு மடக்கு வரும். அதை இரண்டு கையாலும் வாங்கினார். செயலாளர் மைக்கை நீட்டியதும் அதையும் வாங்கினார்.

"நெறைய பேர் கேட்டாங்க, எப்படின்னு" என்று ஆரம்பித்தார். "ரகசியம் ஒண்ணுமில்ல. வண்டி பேசும். நாமதான் காது குடுக்கணும். மூணாவது கியர்ல அவசரப்படக் கூடாது. சத்தம் நல்லா மேல வரட்டும்னு பொறுமையா இருக்கணும்."

என் பக்கத்தில் நின்ற அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"இந்த வயசுல எதுக்குன்னு கேட்டவங்க உண்டு. வீட்டுலயே கேட்டாங்க." சிரிப்பு. "பதில் அந்தப் பலகையில இருக்கு. அடுத்த வருஷம் ஏ பிரிவு. அதுக்குத் தகுந்த மாதிரி ஷெட்டைப் பெரிசு பண்றேன். சுவரை இடிச்சு முன்னறையையும் சேத்துக்கப் போறேன். டயர் வெக்க இடம் வேணும், ஒரு வேலை மேசை வேணும்."

முன்னறை. ஒப்பந்தத்தில் அது இருக்கவில்லை. அக்காவின் ஹெட்ஃபோனும் நாற்காலியும் பரிசோதனைப் பெட்டியும் இருக்கிற ஒரே அறை அது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசுவதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். காது கேட்காதவர்கள் பேசும்போது அவர்களுடைய வாயைப் பார்த்துப் பொறுமையாக நிற்பாளே, அப்படி.

"வீட்டுக்காரம்மாவும் சம்மதம் சொல்லியாச்சு" என்றார் மாமா. கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். "என்னம்மா, சம்மதந்தானே? எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடு. அப்பறம் மாத்திப் பேசக் கூடாது பாரு."

மறுபடி சிரிப்பு. மைக் கை மாறிக் கை மாறி வந்தது. வக்கீல் தபால் அதிகாரியிடம் கொடுத்தார், தபால் அதிகாரி பல் டாக்டரிடம், பல் டாக்டர் அக்காவிடம். நான் மணியைப் பார்த்தேன். ஐந்து.

அக்கா மைக்கைத் தட்டிப் பார்க்கவில்லை. வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்தாள். குரலை உயர்த்தவில்லை. கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் தெளிவாகக் கேட்டது.

"சம்மதம் இல்ல" என்றாள். "அவரோட நல்ல லாப் ரெண்டு பதினாலு. ரெண்டு எட்டு நான் ஓட்டினது."